தார்க்கோட்டுக்கு மேலே

ஜூன் 6

மருமகளுக்கு,

நான் எழுதுகிறேன் என்று ஆச்சரியப்பட வேண்டாம். போனில் பேசினால் நாளைக்கு நீ, "அப்படி நான் சொல்லவே இல்லையே அத்தை" என்பாய். போன தடவை அதுதான் நடந்தது. தாளில் எழுதிவிட்டால் யாரும் பேச்சு மாற முடியாது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். யார் நிறுத்தியது என்பதும் ஞாபகம் இருக்கிறது, அது இப்போது வேண்டாம்.

விஷயம் இதுதான். பின் அறைச் சுவர் விடாமல் ஊறுகிறது. நீ டிசம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு போனபோது ஓதம் முழங்கால் உயரத்தில் நின்றது. இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. உள்ளே உப்பு வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. துடைத்தால் போகும், மறுபடி வரும். அலமாரியில் வைத்த போர்வையெல்லாம் பூசண வாடை.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு, சுரண்டச் சொல்லி, தண்ணீர் இறங்காத பவுடர் கலந்த சிமெண்டை நெஞ்சு உயரத்துக்குப் பூச வைத்தேன். என் மகன் படத்தை மட்டும் பழைய ஆணியிலிருந்து கழற்றி ஒரு முழம் மேலே மாட்டியிருக்கிறேன். வாண்டு பார்க்க வேண்டும் என்று நீ அதைத் தாழ்வாக மாட்டியிருந்தாய். தாழ்வாக இருந்தால் ஈரம் படும்.

யாரால் வந்தது இதெல்லாம் என்று சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒன்பது வருஷம் அந்தச் சுவரடியில் துணி துவைத்துத் தண்ணீரைக் கொட்டியது நான் இல்லை.

ஆகஸ்டு பதினைந்தை ஒட்டி வரும் விடுமுறைக்கு வாண்டை அனுப்பு. நீயும் வருவதென்றால் வா.

இன்னொன்று. எதிர்வீட்டுத் தையல்காரி மிக்ஸி கெட்டுப்போய் அம்மி கேட்டு வந்தாள். அம்மி இருக்கிறது. குழவி எங்கே? பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டது யார்? அவளிடம் சிரித்து மழுப்பி அனுப்பினேன்.

மற்றபடி இருக்கிறேன்.

அத்தை


ஜூன் 15

அத்தைக்கு,

கடிதம் வந்தது. வாண்டு நன்றாக இருக்கிறாள். இது அக்கா வீட்டு மாடி அறை. மேற்கே பார்த்த ஜன்னல், மத்தியானத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. ஆனால் காய்ந்த அறை. வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் இழுப்பு வந்தது.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்த வேண்டும். நாள் முழுக்கக் கை வேலை செய்கிறது, மற்றது எதுவும் வேலை செய்வதில்லை. அது வசதியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் அனுப்ப முடியாது. டாக்டர் உங்கள் முன்னால் சொன்னதுதான். "சுவர் காயற வரைக்கும் பிள்ளைய அந்த வீட்ல படுக்க வைக்காதீங்கம்மா" என்றார். அதற்கு நீங்கள் கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என் வீட்டுச் சுவத்த நீங்க எப்ப வந்து பாத்தீங்க?" பாவம், மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

துவைத்த தண்ணீர்தான் காரணம் என்று டிசம்பரிலும் சொன்னீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. இப்போதும் பேசப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கிளம்பி வந்து ஆறு மாதமாகிறது. உங்கள் துணி சலவைக்குப் போகிறது என்று தையல்காரம்மா சொன்னார்கள். அந்தச் சுவரடியில் இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் கூட யாரும் ஊற்றுவதில்லை. பிறகு ஏன் ஏறுகிறது?

குழவியைப் பற்றி எனக்குத் தெரியாது. நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 27

மருமகளுக்கு,

தையல்காரியிடம் என்னைப் பற்றித் துப்பு வாங்குகிறாய் என்று தெரிந்துகொண்டேன். என் பிளவுஸை இனி வேறு இடத்தில் கொடுக்கிறேன்.

ஏன் ஏறுகிறது என்று என்னைக் கேட்டால்? நான் என்ன தண்ணீரா? குழாய்க்காரரை வரவழைத்தேன். குளியலறைக் குழாயை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்த்தார். கசிவு கிடையாது. மேலே ஏறிப் பார்த்தார், தொட்டியிலும் விரிசல் இல்லை. "மேல இருந்து வரலம்மா, கீழ இருந்துதான் வருது" என்றார். இதைச் சொல்ல அவர் எதற்கு, எனக்கே கண் இருக்கிறது.

புதுப் பூச்சு பல்லைக் காட்டிவிட்டது. தட்டினால் பொக் பொக்கென்று சத்தம் வருகிறது, ஒரு இடத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. ஈரம் சிமெண்டுக்குப் பின்னாலேயே ஏறிப்போய் அதற்கு மேலே தலையை நீட்டுகிறது. வெளியே வர வழியில்லாமல் மேலே போகிறதாம், கொத்தனார் சொல்கிறார். நன்றாகப் பூசுகிறேன் என்று சொன்னதும் அதே வாய்தான்.

படத்தை இன்னும் மேலே ஏற்றினேன். நாற்காலி போட்டு ஏறினேன், யாரையும் கூப்பிடவில்லை. கீழ் மூலையில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் புகுந்து சட்டைக் காலர் வரை பழுப்பாகிவிட்டது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அண்ணாந்தால் தலை சுற்றுகிறது, அதனால் பார்ப்பதில்லை.

கொத்தனார், "பின்பக்கம் போய் ஒரு பார்வை பாக்கறேம்மா" என்றார். பின்பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சிமெண்டுத் தளம்தானே இருக்கிறது, அதில் என்ன பார்ப்பது?

நீ கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. கல்யாணமாகி வந்த அன்றைக்கே, "இந்தப் பால் நேத்துக் காய்ச்சுனதா அத்தை?" என்று என் தங்கைகள் நடுவில் கேட்டவள்தானே.

அத்தை


ஜூலை 8

அத்தைக்கு,

பாலைப் பற்றிக் கேட்டது உண்மைதான். அது திரிந்திருந்தது.

நாற்காலி போட்டு ஏறாதீர்கள். ஒடிந்த கால் ஒரு தடவை ஒடிந்தது போதும்.

உங்களுக்கு மறதி என்பதே கிடையாது. என் அம்மா எந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு இரண்டாம் பந்தியில் இடம் போட்டார்கள் என்று இன்று கேட்டாலும் சொல்வீர்கள். அந்த ஞாபகத்தை வைத்து ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருஷம் துவைத்தேன். வாண்டு பிறந்தபோது அந்த அறையில்தான் தொட்டில். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன், முதுகில் ஈரம் பட்டதே இல்லை. அவளுக்கு இழுப்பு வந்ததும் பிறகுதான். அந்தச் சுவர் முதன்முதலாக எந்த மழைக்கு நனைந்தது? அந்த மழைக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது?

எனக்கு எழுத வேண்டாம். கொத்தனாரிடம் சொன்னால் போதும். நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் டிசம்பரிலும் சொல்லவில்லை.

வாண்டு உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டிருப்பது நீங்களாம். உங்களுக்குக் கண்ணாடி கிடையாதே என்றேன். "அம்மா கடையில இருந்து குடு" என்கிறாள்.

உங்கள் மருமகள்


ஜூலை 19

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. படம் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. சுவர் சுவராக இருக்கிறது.

என் வீட்டில் எது மாறியது, எது மாறவில்லை என்று எனக்குத் தெரியும். இதைப் பற்றி இனி எழுதாதே.

அத்தை


ஆகஸ்டு 11

அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

தையல்காரம்மாதான் போன் செய்தார்கள், நான் கேட்கவில்லை. நீங்கள் முன் அறைக் கட்டிலை விட்டுவிட்டு அந்தப் பின் அறையிலேயே படுக்கிறீர்களாம். இருமல் நிற்கவில்லையாம். "ஏன்மா இப்படி?" என்று கேட்டதற்கு, "எனக்கு இதுதான் ஒத்துக்குது" என்றீர்களாம். யாருக்கு அத்தை பூசணம் ஒத்துக்கொள்ளும்?

போன வாரம் வாண்டு அவளாகவே பையை எடுத்துத் துணி வைத்துவிட்டாள். விடுமுறை என்றால் பாட்டி வீடு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்போது போகிறோம் என்றாள். சுவர் காயட்டும் என்றேன். "பாட்டி ஃபேன் போட மாட்டாங்களா?" என்று கேட்டாள். பையை நான் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

நீங்கள் எதைக் காப்பாற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதையேதான் நானும் காப்பாற்றினேன். தண்ணீர் கொட்டியவள் என்ற பெயரோடு வீட்டை விட்டு இறங்கினேன், வாயைத் திறக்கவில்லை. அவர் போய் மூன்று மாதம் கூட ஆகாதபோது அவர் கை வைத்த வேலையை எப்படிக் குறை சொல்வது? எனக்கு அதற்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு, சாவு வீட்டில், எல்லார் எதிரிலும் சொன்னீர்கள். "கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு இவளுக்கு." வரவில்லை அத்தை. இன்னும் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சிமெண்டில் அவர் இல்லை. எங்கே இருக்கிறார் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதில் இல்லை.

உங்கள் பேத்தி வேண்டுமென்றால் பின்கதவைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்டு 24

மருமகளுக்கு,

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

உன் மாமனார் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் எழுப்பியபோது கல் வரிசைக்கு மேலே தாரைக் காய்ச்சி ஊற்றினார். உன் புருஷனை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் நின்று பார்த்தேன். அந்த வாடைக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தேன். "எதுக்கு இந்தக் கருமம்?" என்று கேட்டேன். "மண்ணுல இருக்கற ஈரம் இந்தத் தாரைத் தாண்டி மேல ஏறாது. இந்தக் கோட்டுக்கு மேல மண்ணு குவியாமப் பாத்துக்க, சுவரு உன் காலத்துக்கும் காஞ்சு கெடக்கும்" என்றார். பின்பக்க மண் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பின்வாசலில் படி அவ்வளவு உயரமாக இருந்ததும் அதனால்தான். அந்தப் படியில்தான் நான் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டேன். அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடைக்காலம்.

மாவுக்கட்டோடு நான் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவன் லீவு போட்டுவிட்டு, யாரிடமோ கொத்தனார் கரண்டி இரவல் வாங்கிக்கொண்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். "இனிமே படியே கெடையாதும்மா. லிப்ட்டு வந்து நின்னா உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமா இருக்கணும், கால் இடறக் கூடாது. எங்க வேலையே அதான்" என்றான். லிப்ட் மெக்கானிக் என் வீட்டுக் கொல்லையை லிப்ட் என்று நினைத்துக்கொண்டான். செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லுமாகக் கொட்டி மேட்டாக்கி, வாசலுக்கு விரல் கனம் கீழே வரைக்கும் கான்கிரீட் போட்டான். சுவரோடு சேர்த்து அப்பினான். தார்க்கோடு உள்ளே போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் காலுக்காகச் செய்கிறான், என்ன சொல்ல?

நீ மட்டக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பச்சைப் புடவை. "சுவரை ஒட்டிப் போடாதீங்க, கொஞ்சம் எடம் விடுங்க" என்றாய். அவன், "எடம் விட்டா அம்மா கால் அதுல மாட்டிக்கும். எங்க வேலையில மொதப் பாடமே அதான்" என்றான். நீ கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாய். என் காதில் எல்லாம் விழுந்தது. விழுந்தது என்று உனக்குத் தெரியாது.

தளத்தின் வாட்டம் வேறு சுவர்ப் பக்கமாகவே இறங்கியது. அந்த வருஷம் ஜூனில் முதல் மழை. தண்ணீர் ஓடிப்போக இடமில்லாமல் சுவரோரம் குளம் கட்டியது. மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பின்னால் கைக்குட்டை அளவு ஈரம் பார்த்தேன். கட்டிலை நகர்த்தி மறைத்தேன்.

இடம் விடச் சொன்னவள் நீ. அப்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அதை நான் மறக்க மாட்டேன்.

போன வாரம் கொத்தனாருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டேன். முழுவதும் உடைக்க வேண்டியதில்லை என்றார். சுவரோரமாக ஒன்றரைச் சாண் அகலத்துக்கு நெடுக வெட்டி எடுத்து, தார்க்கோடு தெரியும் வரை தோண்டி, ஜல்லி கொட்டிவிட்டால் மழைத் தண்ணீர் சுவரைத் தொடாமல் கீழே இறங்கிவிடுமாம். நான் அதே ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உளியின் முதல் அடி விழுந்தபோது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவன் போனதிலிருந்து எனக்கு எதுவுமே ஆவதில்லை. சோறு சோறாக இருக்கிறது, வெயில் வெயிலாக இருக்கிறது. அதுபோல அடி அடியாக விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படி இருந்த மூலைக்கு வந்தார்கள். கொத்தனார் குனிந்து, "அம்மா, இது என்ன, கல்லு வழவழன்னு இருக்கு" என்று ஒரு துண்டை எடுத்து நீட்டினார். இன்னொரு துண்டும் வந்தது. ரெண்டையும் சேர்த்து வைத்தேன்.

என் குழவி.

அந்தத் தடியன் மண்ணைக் கெட்டிக்க என் குழவியை எடுத்துப் போய் இடித்திருக்கிறான். இடித்ததில் ரெண்டாக உடைந்திருக்கிறது. உடைந்ததை அப்படியே உள்ளே போட்டு, மேலே கான்கிரீட்டையும் ஊற்றி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்திருக்கிறான். அன்று சாயங்காலம் நான் கேட்டேன், "குழவி எங்கடி?" நீ, "எனக்குத் தெரியாது அத்தை" என்றாய். அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றான். ரசம்! ரெண்டு வருஷம் உன்னைப் பழைய சாமான்காரனோடு சேர்த்து வைத்துத் திட்டினேன். அவன் இருந்தவரைக்கும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு தடவை செருமினான், அவ்வளவுதான்.

உள்ளே வந்தேன். கொத்தனார் பூச்சைச் சுரண்ட வேண்டும் என்று படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்திருந்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். "ஏண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டேன். கொத்தனார் வெளியே சுத்தியலை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. ஊரார் காலுக்கெல்லாம் மட்டம் பார்த்தாயே, வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா, அவள் உனக்காக எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டாள், அவளிடம் கூடச் சொல்லாமல் எங்கே போனாய் என்று கத்தினேன். அவன் போன பிறகு அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை. கை கால் எல்லாம் சூடாகிவிட்டது. ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தேன். இனிப்பாக இருந்தது.

குழவிக் கணக்கு இனி அவன் பேரில். உன் பேரில் மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, இரண்டாம் பந்தி உட்பட.

அத்தை


செப்டம்பர் 4

அத்தைக்கு,

கடையில் வைத்துத்தான் கடிதத்தைப் பிரித்தேன். தார், கயிறு, பச்சைப் புடவை எல்லாம் படித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ரசம் என்று எழுதிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி வாங்க வந்தவர் பயந்துபோனார். நிறுத்த முடியவில்லை. முதலாளியம்மா என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அங்கே போனதும் அது சிரிப்பாக இல்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. என் முன்னால் துடைக்கத் துணிக்கா பஞ்சம், லென்ஸ் துடைக்கிற துணி கட்டுக் கட்டாக இருந்தது.

அவர் என்னிடமும் சொல்லவில்லை அத்தை. ரசம் ஊற்றியது நான். நீங்கள் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

சுவரை உடனே பூசிவிடாதீர்கள். வெறுஞ்சுவராகவே விட்டுவையுங்கள், செங்கல் தானாகக் காயட்டும். மாதக்கணக்கில் ஆகுமாம். பூசும்போது சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரை பூசச் சொல்லுங்கள். முன் அறையில் படுங்கள்.

வாண்டின் பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கிற கவுன் அதற்குள் சின்னதாகிவிடும், பரவாயில்லை.

உங்கள் மருமகள்


ஜனவரி 12

மருமகளுக்கு,

மழைக்காலம் முழுசும் பார்த்துவிட்டேன். தண்ணீர் ஜல்லிக்குள் விழுகிறது, காணாமல் போகிறது. வாசலுக்கு நேரே மட்டும் மேலே இரும்புக் கிராதி போட்டிருக்கிறது. என் கால் அதில் மாட்டவில்லை. மீதித் தளம் அவன் போட்டபடியே இருக்கிறது, அதில்தான் நடக்கிறேன்.

செங்கல் முதலில் கருஞ்சிவப்பாக இருந்தது. இப்போது மேலிருந்து வெளுத்து இறங்கிக்கொண்டே வந்து கணுக்கால் உயரத்தில் நிற்கிறது. தினமும் கையை வைத்துப் பார்க்கிறேன். தூசிதான் ஒட்டுகிறது. கோடை வந்ததும் சுண்ணாம்புக் காரை பூசலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. தையல்காரியிடம் மறுபடி பிளவுஸ் கொடுக்கிறேன், அவளும் உன்னிடம் சொல்லியிருப்பாள்.

டாக்டரைக் கேள். நான் மரியாதையாகக் கேட்டதாகச் சொல்.

அவன் படம் இன்னும் சுவரில் ஏறவில்லை. முன் அறை நாற்காலியில் வைத்திருக்கிறேன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் இருக்கிறான். குழவிக்குப் பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தாழ்வாக இருந்த அந்தப் பழைய ஆணி ஓட்டை செங்கலில் தெரிகிறது. பூசும்போது மூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நானாக அவனைத் திருப்ப மாட்டேன். நீங்கள் ரெண்டு பேரும் வந்தால் திருப்பலாம்.

அத்தை